கேளுங்கள், சொல்கிறோம்: டாங்கி ஊர வேண்டும், துள்ளக் கூடாது

ரிமோட்டில் ஓட்டும் மாடல் டாங்கி பற்றிச் சிலிம் ரிவர் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் கடிதங்கள் ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. வேகமாக ஓட்டினால் நன்றாக ஓடுகிறது, மெதுவாக ஓட்டினால் மக்கர் செய்கிறது. அதனால் இந்த இதழின் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

வணக்கம் ஐயா. என்னிடம் 1/16 அளவு டைகர் டாங்கி இருக்கிறது. இரண்டு 380 மோட்டர், 7.4 வோல்ட் பேட்டரி. ரிமோட்டின் குச்சியைக் கொஞ்சம் தள்ளினால் 'உய்ங்' என்று சத்தம் மட்டும் வருகிறது, வண்டி அசைவதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தவளை மாதிரி ஒரு துள்ளல், பிறகு ஓட்டம். மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
*வாசகர், சிலிம் ரிவர்*

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அசல் டைகர் 1 டாங்கியின் ட்ராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில், ஒரு கண்ணியின் நீளம் 130 மி.மீ. ஓட்டும் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு 20 பல். ஆக ஒரு சுற்றுக்கு வண்டி 2.6 மீட்டர் நகரும். 16-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மாடல் ஒரு சுற்றுக்கு 16 செ.மீ. சொச்சம் நகர வேண்டும். 380 ரக மோட்டர் முழு வோல்ட்டில், சுமையில்லாமல், நிமிடத்துக்கு ஏறக்குறைய 14,000 சுற்று சுற்றும். கியர்பாக்ஸின் மொத்தக் குறைப்பு 50-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் ஸ்ப்ராக்கெட்டுக்கு 280 சுற்று வரும். வண்டி விநாடிக்கு 76 செ.மீ. ஓடும். அசல் டாங்கி மணிக்கு 44 கி.மீ. ஓடுவதற்கு அது சமம். டைகரின் உச்ச வேகமே அந்த அளவுதான். எனவே உங்கள் மோட்டருக்கு வேகம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது மெதுவேகத்துக்கு வருவோம். காலாட்படை பக்கத்தில் நடந்துவர, டாங்கி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது என்று வையுங்கள். மாடலுக்கு அது விநாடிக்கு 9 செ.மீ.கூட இல்லை. உச்ச வேகத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. உராய்வே இல்லாத வண்டியாக இருந்தால் மோட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும். ஆனால் உங்கள் வண்டியில் புஷ் (அச்சு சுற்றும் வளையம்), பல், அச்சு, ட்ராக் ஆணி என்று ஒவ்வொன்றும் அதில் பங்கு கேட்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஒன்றை அசைக்க, ஓடிக்கொண்டிருப்பதை ஓட்டுவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். நீங்கள் குச்சியை மேலும் தள்ளுகிறீர்கள், ஒரு கட்டத்தில் பிடி விடுகிறது. விட்டவுடன் உராய்வு சட்டென்று குறைந்துவிடுகிறது, ஏற்றிவைத்த வோல்ட்டு அப்படியே நிற்கிறது. மிச்சமான அந்த வோல்ட்டு முழுவதும் வேகமாக மாறுகிறது. அதுதான் துள்ளல்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உராய்வு, பிறகு கியர், மின்னணுப் பலகை கடைசியில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் விலை உயர்ந்த கண்ட்ரோலர் வாங்கி, அதே துள்ளலை இன்னும் துல்லியமாகப் பார்க்கிறார்கள்.

வண்டியை ஒரு மைலோ டின் மேல், சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். இரண்டு ட்ராக்கையும் கழற்றுங்கள். தரைச் சக்கரம் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாத சக்கரத்தில் பெரும்பாலும் பெயிண்ட்தான் குற்றவாளி. ஸ்பிரே அடிக்கும்போது அச்சுத் துளைக்குள் இறங்கிக் காய்ந்திருக்கும். துளைக்கு ஏற்ற துரப்பண ஊசியைக் கையால் திருகிச் சுரண்டி எடுங்கள். மின்சார டிரில் போடாதீர்கள், பிளாஸ்டிக் உருகித் துளை கோணிவிடும்.

அடுத்து கியர்பாக்ஸ். மோட்டரைக் கழற்றிவிட்டு ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சுழற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே சீராகப் போக வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் சுற்றுக்கு ஒரு தடவை இறுகினால் கடைசி அச்சு வளைந்திருக்கிறது, அல்லது கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் பிசிறு இருக்கிறது. ஒரு சுற்றுக்குள் பல தடவை இறுகினால் முதல் கட்டத்துச் சிறு சக்கரங்களைச் சந்தேகப்படுங்கள். எங்கும் இறுகாமல் மொத்தமாகவே கனமாகப் போனால் அது கிரீஸ். தொழிற்சாலையில் அள்ளி அப்பிய கெட்டிக் கிரீஸ் வேகத்தில் தெரியாது, ஊரும்போது சேறு மாதிரி இழுக்கும். வெள்ளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, பல்லின் முகத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். பிளாஸ்டிக் பல்லுக்கு சிலிக்கான் கிரீஸ், இரும்புப் பல்லுக்கு லித்தியம் கிரீஸ். பிளாஸ்டிக் சக்கரங்களைப் பெட்ரோலில் ஊறவிடாதீர்கள், துடைத்தால் போதும். டபிள்யூடி-40 அடிப்பதை நிறுத்திவிடுங்கள். அது பழைய கிரீஸைக் கழுவிவிடும், தான் நிலைத்து நிற்காது.

மோட்டரைத் திரும்பப் பூட்டும்போதுதான் பெரும்பாலான வண்டிகள் கெடுகின்றன. மோட்டர் அச்சிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனை முதல் பல்சக்கரத்தோடு இறுக்கி நெருக்கினால் ஒவ்வொரு பல்லும் அடுத்ததில் குத்தும். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத் தாளில் ஒரு கீற்று வெட்டி இரண்டு பல்லுக்கும் நடுவே விட்டு, மோட்டரைத் தள்ளிப் பிடித்து, திருகை முடுக்கி, பிறகு தாளைச் சுழற்றி வெளியே எடுங்கள். தாளில் மடிப்புத் தடம் இருக்க வேண்டும், கிழிசல் இருக்கக் கூடாது. அந்த இடைவெளிதான் சரியான இடைவெளி.

மோட்டர் அச்சின் இரண்டு புஷ்ஷிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். குச்சி முனையில் தொட்டு வைக்கும் சொட்டு. அதிகமானால் எண்ணெய் மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கரி பிரஷ்ஷுக்கு இறங்கி, கரியோடு கலந்து, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் இடுக்கில் பசையாக உட்காரும். பிறகு மெதுவேகம் இன்னும் மோசமாகும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். மோட்டர் வயரைப் பலகையிலிருந்து கழற்றுங்கள். இது கட்டாயம், பலகைக்குப் பின்பக்கமாக மின்சாரம் போகக் கூடாது. ட்ராக் இல்லாத நிலையில் ஒரே ஒரு புது 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியை மோட்டரோடு தொடுங்கள். ஸ்ப்ராக்கெட் தயங்காமல் கிளம்பி, சீராகச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் பாருங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கிளம்பி மறு பக்கம் நின்றால் கோளாறு எந்தப் பக்கம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ட்ராக். டைகரில் ட்ராக்கின் மேல் ஓட்டம் நடுச் சக்கரங்களின் மேல் படுத்திருக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால் ட்ராக்கை இழுத்துப் பிடிக்கும் பின்சக்கரமான ஐட்லரைத் தளர்த்துங்கள். இறுக்கிய ட்ராக் ஸ்ப்ராக்கெட் அச்சையும் ஐட்லர் அச்சையும் உள்நோக்கி இழுத்து, நீங்கள் இதுவரை செய்த வேலையை எல்லாம் வீணாக்கும். புது உலோக ட்ராக்கின் ஆணிகள் ஆரம்பத்தில் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டியைத் தூக்கிவைத்து, பாதி வேகத்தில், 10 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் ஆறவிட்டு, மொத்தம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழக்குங்கள். ஆணிக்கு எண்ணெய் விடாதீர்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2பி பென்சில் கரியைத் தூளாக்கித் தூவினால் போதும்.

இத்தனையும் செய்த பிறகும் துள்ளினால் மோட்டரைப் பற்றிப் பேசுவோம்.

கியர்பாக்ஸ் வாங்கப் போனால் 3:1, 4:1, 5:1 என்று சொல்கிறார்கள். எண் கூடினால் மெதுவாகப் போகும் என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் மொத்தக் குறைப்பு 50 என்று எழுதுகிறீர்களே?
*வாசகர், துரோலாக்*

கடையில் சொல்வது ரகத்தின் பெயர். மோட்டரிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரையுள்ள மொத்தக் குறைப்பு அது இல்லை. ஒரு கியர்பாக்ஸை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். உண்மை எண்ணை நீங்களே எடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய சக்கரத்தின் பல்லை அதோடு சேரும் சின்னச் சக்கரத்தின் பல்லால் வகுத்து, கிடைத்த விடைகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள். திறக்க மனமில்லை என்றால் பினியனில் ஒரு புள்ளி வைத்து, ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று வரும்வரை பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள்.

ஊர்வது உங்களுக்கு முக்கியம் என்றால் 4:1-க்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 3:1 வேகப் பிரியர்களுக்கு. குறைப்பு கூடும்போது, அதே ஊரும் வேகத்துக்கு மோட்டர் கூடுதல் சுற்று சுற்றும். கூடுதல் வோல்ட்டும் அதற்குக் கிடைக்கும். மோட்டருக்குள் சுற்றும் மூன்று துருவ ஆர்மெச்சர் ஒவ்வொரு துருவத்திலும் கொக்கி போட்டு நிற்கும் அந்தத் திக்கல் வெளியே தெரியாது. விலையாகக் கொடுப்பது உச்ச வேகத்தைத்தான், அது அசல் டாங்கிக்கும் இல்லாத வேகம்.

இரண்டு பக்கமும் ஒரே ரகம், ஒரே தயாரிப்பாக வாங்குங்கள்.

ஐயா, மோட்டர் வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் வேகம் குறையும்தானே?
*படிவம் 4 மாணவர், சிலிம் ரிவர்*

குறையும் தம்பி, ஆனால் நீ கேட்கும் இடத்தில் குறையாது. நிற்கும் மோட்டர்தான் மிக அதிக மின்சாரம் இழுக்கும். மின்சாரம் கூடும்போது ரெசிஸ்டர் விழுங்கும் வோல்ட்டும் கூடும். கிளம்ப வேண்டிய நேரத்தில் மோட்டர் பட்டினி கிடக்கும். கிளம்பி ஓட ஆரம்பித்ததும் மின்சாரம் குறைந்து, வோல்ட்டு ஏறி, வேகம் பிடிக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ரெசிஸ்டரும் கைசுடச் சூடேறும், பிளாஸ்டிக் உடலுக்குள் அது ஆபத்து.

மெல்லிய வயரும் துருப்பிடித்த கனெக்டரும் இதே வேலையைச் சொல்லாமல் செய்கின்றன. பேட்டரியோடு வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரின் தகடு தளர்ந்திருந்தால் எக்ஸ்டி60 ரகக் கனெக்டருக்கு மாற்றிப் பற்றவைத்துக்கொள்.

நேராக மெதுவாகப் போகிறது. நின்ற இடத்தில் திரும்பச் சொன்னால் நடுங்கி நின்றுவிடுகிறது. சிமெண்டில் பரவாயில்லை, வீட்டுக் கார்ப்பெட்டிலும் படாங் (திடல்) புல்லிலும் சுத்தமாக முடியவில்லை. உலோக ட்ராக் மாற்றிய பிறகுதான் இப்படி.
*வாசகர், பீடோர்*

நேராகப் போகும்போது ட்ராக் தரையில் படுக்கிறது, எழுகிறது, உரசுவதில்லை. திரும்பும்போது தரையில் படும் நீளம் முழுவதும் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டாங்கி செய்யும் வேலைகளில் மிகக் கடினமானது இதுதான். உலோக ட்ராக் எடையைக் கூட்டியது, கண்ணிகளின் கூர்விளிம்பு கார்ப்பெட் நூலையும் புல்லையும் பிடிக்கிறது. மோட்டர் அதே பழைய மோட்டர்.

செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, சஸ்பென்ஷன். தரைச் சக்கரங்களில் முதல் ஜோடியும் கடைசி ஜோடியும் மற்றவற்றைவிட 1 முதல் 2 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளைச் சரிசெய்யுங்கள். தரையில் அழுந்தும் நீளம் குறையும், அகலம் அப்படியே இருக்கும், திரும்புவது உடனே எளிதாகும். சிரமத்துக்கு ஏற்ற பலன் தரும் வேலை இது, காசும் இல்லை.

இரண்டு, பேட்டரி. திரும்பும்போது மல்டிமீட்டரை பேட்டரி முனையில் பிடித்துப் பாருங்கள். 7.4 வோல்ட் பேக் 6.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியால் அந்த மின்சாரத்தைக் கொடுக்க முடியவில்லை. வோல்ட்டு மேலும் விழுந்தால் பலகை தன்னைத்தானே அணைத்து மறுபடி எழும், நீங்கள் பார்க்கும் நடுக்கம் அதுவாகவும் இருக்கலாம். கொள்ளளவு 3000 எம்ஏஎச்சுக்குக் குறையாத, இரண்டு செல் கொண்ட 2எஸ் லிப்போ பேட்டரி போடுங்கள். ஒரு செல் 3.3 வோல்ட்டுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் மோட்டர். 380-ஐவிட நீளமான 390 ரகம் அதே குறுக்களவில், அதே திருகுத் துளையில் பொருந்தும். சுற்று எண் கூடியதைத் தேடாதீர்கள், குறைந்ததைத் தேடுங்கள். பினியன் மாற்றும்முன் அச்சின் தடிமன் 2.3 மி.மீ. தானா என்று அளந்துகொள்ளுங்கள்.

புது மோட்டரைப் போட்டவுடன் புல்லில் இறக்கிவிடக் கூடாது. இரண்டு ஏஏ பேட்டரியில், 3 வோல்ட்டில், சுமையில்லாமல் அரை மணி நேரம் ஒரு பக்கமும் அரை மணி நேரம் மறு பக்கமும் சுற்றவிடுங்கள். பிரஷ்ஷின் தட்டையான முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படியும். படியாத பிரஷ் ஓரத்தில் மட்டும் தொடும், மெதுவேகத்தில் தொட்டும் தொடாமலும் திக்கும்.

ஐயா, நான் கண்ட்ரோலரை மாற்றிவிட்டேன். இரண்டு சானல் சேபர்டூத் 2×5, ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட். சத்தம் போய்விட்டது, ஆனால் பழைய பலகையைவிடக் கிளம்புவது தாமதமாகிறது. எக்ஸ்போ 50 சதவீதம் வைத்தேன். இன்னும் மோசம்.
*வாசகர், தஞ்சோங் மாலிம்*

உங்கள் கண்ட்ரோலரில் குற்றமில்லை. இரண்டு விஷயம் சேர்ந்து குழப்புகிறது.

கண்ட்ரோலர் வோல்ட்டைக் குறைத்து அனுப்புவதில்லை, முழு வோல்ட்டைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. துண்டுகள் விநாடிக்குச் சில நூறு என்றால் மோட்டர் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குத்து வாங்கி அதிரும். காதுக்குக் கேட்கும் 'உய்ங்' அதுதான். அந்த அதிர்வே நின்ற உராய்வை உடைத்து வண்டியைக் கிளப்புகிறது, கூடவே மோட்டரைச் சூடாக்குகிறது. துண்டுகள் காதுக்கு எட்டாத வேகத்தில் வந்தால் மின்சாரம் தண்ணீர் மாதிரி ஒரே சீராகப் பாயும். சத்தமில்லை, சூடு குறைவு, ஓட்டம் பட்டு மாதிரி. ஆனால் குத்துவதற்கு ஆளில்லை. உராய்வு அதிகமுள்ள வண்டி உயர் அதிர்வெண் கண்ட்ரோலரில் தாமதமாகக் கிளம்பும், உராய்வைக் குறைத்த வண்டி அதே கண்ட்ரோலரில் அழகாக ஊரும். முதல் பதிலில் சொன்ன ஏஏ பேட்டரிச் சோதனையை நீங்களும் செய்யுங்கள்.

இரண்டாவது எக்ஸ்போ. ரிமோட்டில் இருக்கும் அந்த அமைப்பு குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்கும். உங்கள் வண்டி 15 சதவீத மின்சாரத்தில்தான் கிளம்புகிறது என்றால், எக்ஸ்போ இல்லாதபோது குச்சியில் 15 சதவீதம் வெட்டியாகப் போகும். 50 சதவீத எக்ஸ்போ வைத்தால் கால் பங்குக்கு மேல் வெட்டியாகப் போகும், அதற்குப் பிறகுதான் அசைவு. முதலில் அந்த வெற்று இடத்தைத் தாண்ட வேண்டும். கண்ட்ரோலரில் ஆரம்ப அளவு வைக்கும் வசதி இருந்தால், வண்டி கிளம்பும் அளவுக்கு ஒரு துளி கீழே அதை நிறுத்துங்கள். அப்படி வசதி இல்லையென்றால் எக்ஸ்போவைப் பூஜ்ஜியமாக்கி, உராய்வைக் குறைத்து, வண்டி சீக்கிரம் கிளம்பத் தொடங்கிய பிறகு 20, 25 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூட்டலா கழித்தலா என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும். திரையில் தெரியும் கோடு நடுவில் தட்டையாகப் படுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேபர்டூத் 2×5 ஒரு பக்கத்துக்குத் தொடர்ச்சியாக 5 ஆம்பியரும் சிறிது நேரத்துக்கு 10 ஆம்பியரும் தாங்கும். பிளாஸ்டிக் வண்டிக்குப் போதும். முழு உலோக உடலும் உலோக ட்ராக்கும் போட்டு எடை ஏற்றினால் 2×12 பொருத்தமானது.

மோட்டர் முனைகளில் 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டர் மூன்றைப் பற்றவைத்திருக்கிறீர்களா? முனைக்கும் முனைக்கும் ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் மோட்டர் உறைக்கும் ஒவ்வொன்று. பிரஷ் பொறி ரிசீவரைக் குழப்பாமல் அவை தடுக்கும். அதைவிடப் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் நல்லது என்று நினைத்து மாற்ற வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் அது நிரம்பிக் காலியாகி, கண்ட்ரோலரைச் சுடவைக்கும்.

மகன் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் டாங்கி ஓட்டுகிறான். மழைக்குப் பிறகு செம்மண் அப்பிக்கொள்கிறது. நான் குழாயடியில் கழுவிவிடுவேன். இப்போது ஒரு பக்கம் மெதுவாகிறது. கழுவியது தவறா?
*வாசகி, சிலிம் ரிவர்*

கழுவியது தவறில்லை அம்மா, குழாயின் வேகம்தான் தவறு. தண்ணீர் மண்ணை ஸ்ப்ராக்கெட் அச்சின் வழியாகக் கியர்பாக்ஸுக்குள் தள்ளியிருக்கும். இங்கே செம்மண் காய்ந்தால் செங்கல், கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள். மெதுவான பக்கத்துக் கியர்பாக்ஸைத் திறந்து கழுவிப் புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே பல் பளபளவென்று கூர்மையாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இனிமேல் மண்ணைக் காயவிட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுக்கட்டும். ட்ராக்கை மட்டும் கழற்றிக் கழுவலாம். அச்சு வெளியே வரும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணியை வளையமாக வெட்டி, ஒரு சொட்டு எண்ணெயில் நனைத்துச் செருகினால் மண் உள்ளே போகாது. வளையம் அச்சைத் தொட வேண்டும், கவ்வக் கூடாது.

சிலிம் ரிவர் போரைப் பள்ளி மண்டபத்தில் 3 மீட்டர் மேசையில் காட்டப் போகிறோம். 3டி பிரிண்ட் எடுத்த 1/16 வகை 97 ச்சி-ஹா ஒன்று, வகை 95 ஹா-கோ ஒன்று. எந்த வேகம் வைக்கலாம்? எந்த மோட்டர்?
*ஆசிரியர், சிலிம் ரிவர்*

நல்ல முயற்சி ஐயா. 1942 ஜனவரி 7-ஆம் தேதி, விடியும்முன்பே, ஜப்பானியரின் இந்த இரண்டு வகை டாங்கிகளும் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியாக இறங்கி வந்தன. வழியில் தடுப்புகள் இருந்தன, காலாட்படையும் கூட வந்தது. உச்ச வேகத்தில் பறந்து வந்ததாகக் காட்டினால் பொய்யாகிவிடும். ச்சி-ஹாவின் உச்ச வேகம் மணிக்கு 38 கி.மீ., ஹா-கோவுக்கு 45. மேசையில் மணிக்கு 10 கி.மீ.-க்குச் சமமாக வையுங்கள். மாடலுக்கு விநாடிக்கு 17 செ.மீ., 3 மீட்டர் மேசையைக் கடக்க 17, 18 விநாடி. தடுப்புக்கு அருகே பாதியாகக் குறைத்தால் பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

இந்த வேலைக்கு 380 மோட்டர் வேண்டாம். கியரோடு சேர்ந்தே வரும் 25 மி.மீ. குறுக்களவு மோட்டர்கள் கிடைக்கின்றன. உங்கள் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 4 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 12.6 செ.மீ.; விநாடிக்கு 17 செ.மீ. சொச்சம் நகர நிமிடத்துக்கு 83 சுற்று வேண்டும். 12 வோல்ட்டில் 150 சுற்று என்று எழுதியதை வாங்கி 7.4 வோல்ட்டில் ஓட்டினால் 92 சுற்று வரும். சுமையில் சற்றுக் குறைந்து நமக்கு வேண்டிய இடத்தில் நிற்கும். குச்சியை முழுதாகத் தள்ளினாலும் மேசையிலிருந்து பாயாது என்பது மாணவர்கள் ஓட்டும்போது பெரிய நிம்மதி.

அச்சடிக்கும்முன் அகலத்தை அளந்துவிடுங்கள். அசல் ஹா-கோ 2.06 மீட்டர் அகலம், மாடலில் 13 செ.மீ.கூட இல்லை. இரண்டு ட்ராக்கையும் கழித்தால் உள்ளே இரண்டு மோட்டர் நேருக்கு நேர் இடித்துக்கொள்ளும். ஒரு மோட்டரை ஸ்ப்ராக்கெட் அச்சிலேயே வையுங்கள். மற்றதைப் பின்னால் தள்ளி, ஒரே பல் எண்ணிக்கையுள்ள இரண்டு சக்கரங்களால் இணையுங்கள். இணைத்தால் சுற்றும் திசை மாறும், அந்தப் பக்கத்து மோட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.